வலது கணுக்கால்

ஆபரேஷனுக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில் போட்ட அறை அது. ஜன்னலோரக் கட்டிலில் ரத்தினசாமி சாய்ந்திருந்தார். அவருடைய வலது காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கணுக்கால் வீங்கி, தோல் மினுங்கி, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஒன்பது வருஷமாக முடக்குவாதம். அவர் பெண்டாட்டி சுப்பாத்தாள் தலைமாட்டில் நின்றிருந்தாள். மகன் வேல்குமார் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றான்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூட்டு சுத்தமாத் தேஞ்சுபோச்சு. எலும்பும் எலும்பும் உரசுது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அதை எடுத்துட்டு உலோக மூட்டு வெக்கிறோம். அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இங்கதான்." அவர் விரல் உள்பக்க எலும்பின்மேல் நின்றது. "இது எப்பவோ ஒடிஞ்சு கோணலாச் சேர்ந்திருக்கு. எப்படி ஒடிஞ்சுது?"

ரத்தினசாமி வாய் திறக்குமுன் வேல்குமார் சொன்னான். சொல்லும்போது அவன் முகமே மாறியது.

"அது எங்கம்மாவைத் தூக்க ஓடியாந்து ஒடிஞ்சதுங்க டாக்டர். எனக்கப்போ மூணு வயசு. அம்மா ஏழு மாசம். மாவாட்டறப்ப எந்திரிச்சு வழுக்கி விழுந்துட்டாங்க. அப்பா வெறுங்காலோட ஓடியாந்து ஆட்டுக்கல்லுல இடிச்சுட்டாரு. குழந்தை தங்கலை. அப்பாவுக்குக் கால் போச்சு. அந்தக் காலை சரிபண்ணோணும்னுதானுங்க நான் இத்தனை நாளா அலையறேன்."

"தோல் கிழிஞ்சுதா? சீழ் பிடிச்சுதா?"

"இல்லீங்க சாமி," என்றார் ரத்தினசாமி. "உள்காயந்தானுங்க. பத்து நாள்ல ஆறிப்போச்சுங்க."

"அப்ப இந்தத் தழும்பு?"

"அது சைக்கிள் செயின் கிழிச்சதுங்க. வேற சமயம்."

டாக்டர் தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மூன்று பேரையும் பார்த்துப் பேசினார்.

"எலும்புக்குள்ள சீழ் பிடிச்சிருந்தா அந்தக் கிருமி இருபது முப்பது வருஷம்கூடத் தூங்கும். பக்கத்துல உலோகத்தை வெச்சா முழிச்சுக்கும். அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரலாம். ரத்தத்துல பாத்துக் கண்டுபிடிக்கலாமான்னா, முடக்குவாதக்காரங்களுக்கு அந்த அளவு எப்பவுமே ஏறித்தான் இருக்கும். ஸ்கேன்லயும் தெளிவா இல்லை. நீங்க சொல்றதை நம்பித்தான் நான் கத்தியை எடுக்கணும். சீழ் பிடிச்சிருந்தா இந்த ஆபரேஷன் கிடையாது. மூட்டை அசையாம ஒட்ட வெக்கிற ஆபரேஷன்தான்."

"கட்டைக் காலு எனக்கெதுக்குங்க," என்றார் ரத்தினசாமி சிரித்துக்கொண்டே. "வர்ற தைப்பூசத்துக்குப் பழனி மலை ஏறோணும்."

"அம்மா, உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

டாக்டர் சுப்பாத்தாளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயெடுத்தாள். முந்தானைக்குக் கீழே ஒரு கை வந்தது. ரத்தினசாமியின் விரல்கள் நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்துபோனவை. ஆனாலும் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் இன்னும் இடுக்கிபோல வேலை செய்யும். முழங்கைக்கு மேலே உள்ள சதையைப் பிடித்துத் திருகினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"இல்லீங்க," என்றாள் சுப்பாத்தாள்.

"நாளைக்குக் காலைக்குள்ள ஞாபகம் வந்தாலும் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். மருந்து வாங்க வேல்குமாரும் போனான். கை விட்டது. அவள் உடனே கட்டிலை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றாள்.

பக்கத்துக் கட்டிலில் பெரியகருப்பன் என்று ஒருவர், லோடு வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை ஒடித்துக்கொண்டவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பம். அவர் பெண்டாட்டி கருத்தம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். துணியில் ஊசி ஓட்டை தேடித் தேடிப் பழகிய கண் அவளுக்கு.

"யக்கா, நானும் ரெண்டு நாளாப் பாக்கேன். நீங்க ஏன் கட்டிலுக்கு ரெண்டு முழம் தள்ளியே நிக்கிய? முட்டுற மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரில்லா இருக்கு."

"காத்து வரட்டும்னுதானுங்க," என்றாள் சுப்பாத்தாள்.

"நல்ல காத்து. இந்த மனுசனும் ஒரு காலத்துல கை நீட்டுனவருதான். ஒரு நா இட்லிச் சட்டியை எடுத்து ஒரு போடு போட்டேன். அன்னைக்கோட சரி."

"ரெண்டு போடு," என்றார் பெரியகருப்பன் கண்ணைத் திறக்காமல்.

ரத்தினசாமி சிரித்தார். சுப்பாத்தாள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

திருப்பூர் ராயபுரத்து வீட்டில் அந்தத் தூரம் மூன்று டைல்ஸ்.

கூடத்தில் ரத்தினசாமியின் கட்டில். கட்டிலிலிருந்து மூன்றாவது டைல்ஸ் வரைக்கும் அவருடைய கைத்தடி எட்டும். நாலாவதில் நின்றால் எட்டாது. சுப்பாத்தாள் சோத்துத் தட்டை நாலாவது டைல்ஸில் வைத்து, கட்டிங் மேசையில் துணி அளக்கும் நீள மரஸ்கேலால் தள்ளிவிடுவாள். தட்டு வழுக்கிக்கொண்டு போய்க் கட்டிலோரம் நிற்கும். குழம்பு சிந்தாமல் தள்ளப் பழக ஆறு மாசம் ஆயிற்று. அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியவில்லை என்று வேல்குமார் நினைத்துக்கொண்டான். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முன்பு அந்த வீட்டில் தூரம் என்று எதுவும் இருந்ததில்லை. ரத்தினசாமி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்தவர். பீஸ் ரேட்டுக்கு அவர் வேகத்தில் தைக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவார். கையில் அடிபட்டால் துணி ஓடாது. அதனால் பெண்டாட்டியைக் கையால் அடித்ததே இல்லை. காலால்தான். நாளெல்லாம் மிஷின் பெடலை மிதித்து உரமேறிய வலது கால். இடுப்பு, விலா, தொடை, மறுபடி இடுப்பு. ஒரு தடவை அவள் அரிசி களைந்துகொண்டு குனிந்திருந்தபோது பின்னாலிருந்து விழுந்த உதையில் நெற்றி குழாயில் மோதி இரண்டு பல் போயிற்று. ஒரு தடவை தண்ணீர்க் குடத்தோடு சேர்த்து உதைத்தார். குடம் நசுங்கியது. அதைப் பாத்திரக்கடையில் போட்டு வேறு வாங்கினார்கள்.

வருஷத்தில் நாற்பத்தெட்டு நாள் மட்டும் அடி கிடையாது. பழனிக்கு மாலை போட்டிருக்கும் நாட்கள். பச்சை வேட்டி, வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு. முருகன் மாலை கழுத்தில் இருக்கும்போது காலைத் தூக்க மாட்டார். ஆனால் எதையும் மறக்கவும் மாட்டார். சோற்றில் கல் கிடந்தால் ஒன்று என்பார். தண்ணீர் கொண்டுவரத் தாமதமானால் ரெண்டு என்பார். மெதுவாக, சாமி கும்பிடுகிற குரலில் சொல்வார். பாதயாத்திரை போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகு அத்தனைக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

வேல்குமார் சின்ன வயதில் இதில் கொஞ்சம் பார்த்திருக்கிறான். எல்லார் ஊட்டிலும் நடக்கிறதுதானே என்பான். அடிச்சாலும் அம்மா மேல அப்பாவுக்கு உசுரு, இல்லாட்டி அப்படி ஓடியாந்து காலை ஒடிச்சுக்குவாரா என்பான். அந்தக் கதையை அவனுக்குச் சொல்லி வளர்த்தது ரத்தினசாமி. சுப்பாத்தாள் அதை மறுத்ததில்லை. கதை நடந்தபோது அவன் அவிநாசியில் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டில் இருந்தான்.

முதலில் விரல்களில் வந்தது நோய். தையல் போயிற்று. பிறகு கணுக்காலில் இறங்கியது. ஒருநாள் சுப்பாத்தாளை உதைக்கக் காலைத் தூக்கியவர், அதைத் திரும்ப ஊன்ற முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் உடம்பு மரம்போல இருக்கும். அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். வாரத்துக்கு ஒருநாள் போடவேண்டிய மாத்திரையை ஞாபகமாகக் கொடுத்தாள். அவர் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினாள்.

போன வருஷம் வேல்குமாருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஜெயபாரதி வந்தாள். அவளுக்கு டைல்ஸ் கணக்குத் தெரியாது. மாமனார் கையிலிருந்து டம்ளர் உருண்டதும் எடுக்கக் குனிந்தாள். தடி முதுகில் விழுந்தது. "மாமா," என்றாள் ஒன்றும் புரியாமல். அதற்கும் ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து மரஸ்கேல் அவள் கைக்கும் வந்தது. இப்போது அவளுக்கு ஐந்து மாசம். வேல்குமார் விடிந்ததும் தன் தையல் யூனிட்டுக்குப் போனால் ராத்திரிதான் வருவான். கரண்டு எப்போது வருகிறதோ அப்போதெல்லாம் மிஷின் ஓடவேண்டும். பகல் முழுக்க வீட்டில் இரண்டு பெண்களும் கட்டிலும்தான்.

நாளைக்குப் புது மூட்டு வைத்துவிட்டால், கட்டுப் பிரித்து, நடை பழகி, தைக்குள் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தை மாசம் ஜெயபாரதி பச்சை உடம்போடு கிடப்பாள். சுப்பாத்தாள் இதை எத்தனையோ தடவை விரல்விட்டு எண்ணிவிட்டாள். எப்படி எண்ணினாலும் அதேதான் வந்தது.

சாயங்காலம் வேல்குமார் ஜெயபாரதியைக் கூட்டி வந்தான். கேரியரில் ரசஞ்சோறு. அவளை விட்டுவிட்டு அவன் கீழே பணம் கட்டப் போனான்.

"வா அம்முணி," என்றார் ரத்தினசாமி. "இங்க வந்து தலாணியைச் சரிபண்ணு. கால் சரியுது."

"நான் வைக்கிறனுங்க," என்று சுப்பாத்தாள் வந்தாள்.

"உன்னைக் கூப்புடலை."

ஆஸ்பத்திரி அறையில் டைல்ஸ் எண்ண இடமில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற வழிதான். ஜெயபாரதி பக்கவாட்டாக நுழைந்து, வலது காலை ஒரு கையால் தூக்கி, தலையணையை இழுத்தாள். நோகாமல்தான் செய்தாள். தலையணை முனை தழும்பில் லேசாக உரசியது.

இடது கால் மடங்கி நிமிர்ந்தது. குதிகால் அவள் வயிற்றைப் பார்த்து வந்தது. அவள் திரும்பிவிட்டாள். உதை இடுப்பெலும்பில் விழுந்தது. அவள் போய் இரும்பு அலமாரியில் மோதினாள். கேரியர் சரிந்து ரசம் தரையெல்லாம் ஓடியது. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்து, மாமியாரைப் பார்த்தாள்.

ரத்தினசாமியும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இடது கணுக்காலும் நல்ல கால் இல்லை. மூச்சு சமமானதும் சொன்னார்.

"இது சொத்தைக் காலு. தப்பிச்சுட்டே. அது வரட்டும்."

வலது காலைப் பார்த்துச் சொன்னார், வீட்டுக்கு வரப்போகிற விருந்தாளியைச் சொல்வதுபோல.

கருத்தம்மா ஓடிவந்து ஜெயபாரதியைத் தூக்கி உட்கார வைத்தாள். நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் வயிற்றில் கை வைத்து, குழந்தை அசைகிறது, பயமில்லை என்றாள். "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டாள்.

"வழுக்கிருச்சுங்க," என்றாள் ஜெயபாரதி.

சுப்பாத்தாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் சொன்ன சொல் அது. இருபத்திமூன்று வருஷமாகச் சொன்னது. அது அவள் மருமகள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

"வழுக்குச்சாம்," என்று கருத்தம்மா அவள் பக்கத்தில் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "என் ரெண்டு கண்ணும் அவிஞ்சா போச்சு? நாளைக்குப் புதுக் காலு வேற மாட்டுதாவளாக்கும். நல்லா மாட்டட்டும்."

வேல்குமார் திரும்பி வந்தபோது தரை காய்ந்திருந்தது. ஜெயபாரதி இட்லி வாங்கி வரச் சொன்னாள். அப்பாவுக்குப் பிடித்த கடையில் வாங்கி வருகிறேன் என்று போனான்.

சுப்பாத்தாள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். டாக்டர் சொன்னதுபோல உள்ளே தூங்குகிற கிருமி முழித்துக்கொண்டால் காலையே எடுத்துவிடுவார்கள். அதுவும் நல்லதுதான். வெட்டி எடுத்த காலை எங்கே போடுவார்கள் என்றுகூட யோசித்தாள். ஆனால் முழிக்காவிட்டால்? தூங்கியபடியே தூங்கிப் போனால்? கால் நடக்கும். மூன்று டைல்ஸைத் தாண்டும். தொட்டில் எந்த டைல்ஸில் இருந்தாலும் தாண்டும்.

சொல்லிவிட்டால் வேல்குமாரிடம் என்ன மிச்சம் இருக்கும்? அவனுக்கு அப்பா என்று இருப்பதெல்லாம் அந்த ஒரு கதைதான். அதற்காகத்தான் இரண்டு மிஷினை விற்று இந்தக் கட்டிலைப் பிடித்திருக்கிறான். அதைப் பிடுங்கிக்கொண்டு கையில் எதைக் கொடுப்பது? உள்ளே ஜெயபாரதி இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிற சத்தம், வளையல் உரசுகிற சத்தம், கேட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. ரத்தினசாமிக்குப் பச்சை அங்கி போட்டு, நெற்றியில் வேல்குமார் விபூதி பூசினான். டாக்டர் தொப்பியும் முகமூடியுமாக வந்து, பேனாவால் வலது முழங்காலுக்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டார்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். இந்தக் காலு அப்ப சீழ் பிடிக்கலை?"

"எத்தனை தடவைங்க சாமி," என்று ரத்தினசாமி வளைந்த கைகளைக் கூப்பினார். "சுத்தமான எலும்புங்க."

"அதான் நேத்தே சொன்னமுங்களே," என்றான் வேல்குமார்.

ஜெயபாரதி கதவோரம் நின்றிருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். சுப்பாத்தாள் சுவரை விட்டு வந்தாள். கூப்பிடாமல், தானாக, அவர் கை எட்டுகிற இடத்துக்கு வந்து ஸ்ட்ரெச்சரோரம் நின்று, தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

"தோல் கிழிஞ்சதுங்க," என்றாள்.

"சைக்கிள் செயின்," என்றார் ரத்தினசாமி. கம்பி இடுக்கு வழியாகக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"எலும்பு வெளிய வந்துருச்சுங்க. தை மாசம் சீழ் வெச்சது ஆடி வரைக்கும் நிக்கலீங்க. நாந்தானுங்க தினமும் கட்டுப் போட்டேன். எம் மாருல பால் கட்டிக் கல்லாட்டம் கெடந்துச்சு. அதோட உக்காந்து இவரு சீழைத் தொடச்சேனுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். தள்ளவந்த ஆளைப் பார்த்து, இருங்க என்று கையைக் காட்டினார்.

"அம்மா," என்றான் வேல்குமார். "என்னம்மா பேசறே. பத்து நாள்ல ஆறிருச்சுன்னு அப்பா சொல்றாரு. நீ அப்ப மயங்கிக் கெடந்தே. உனக்கெப்படித் தெரியும்?"

"நான் மயங்கலை கண்ணு."

"சுப்பாத்தா," என்றார் ரத்தினசாமி. விரல்கள் திருக ஆரம்பித்தன. கட்டைவிரல் நகம் தோலுக்குள் இறங்கியது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக மேலே தூக்கினாள். அவர் கையும் கூடவே மேலே வந்தது. முந்தானை விலகி, சாய்ந்த விரல்களும், அதற்கடியில் திருகிக்கொண்டிருந்த சதையும், முழங்கைக்கு மேலே நேற்றைய நீலமும் எல்லாருக்கும் தெரிந்தன. வேல்குமார் அதைப் பார்த்தான். பிறகு கதவோரம் நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கை இடுப்பில் இருந்தது.

"உங்கப்பன் என்னைத் தூக்க வரலை," என்றாள் சுப்பாத்தாள். "நான் வழுக்கியும் விழுகலை. பழனிக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டி ஆணியில மாட்டுனாரு. நான் மாவாட்டிட்டு இருந்தேன். மொத ஒதை என் வவுத்துல விழுந்துச்சு. உன் தங்கச்சி அதுலயே போயிட்டா. ரெண்டாவதுக்கு நான் நகந்துட்டேன். அது ஆட்டுக்கல்லுல பட்டுச்சு. அப்படித்தான் ஒடிஞ்சுது இந்தக் காலு."